கச்சான் காற்றிலிருந்து பேராதனை மழைக்கு: ஒரு பூங்காப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தின் கிராமப் பாடசாலை ஒன்றில் தரம் 7 படிக்கும் மாணவர்கள் பேராதனை அரச தாவரவியல் பூங்காவுக்கு ஒரே நாளில் போய்வந்த கல்விச் சுற்றுலாதான் இந்த ஆய்வின் பொருள். பாடசாலையின் பெயரும் ஆசிரியர், மாணவர் பெயர்களும் இங்கே தேவையில்லை. ஆசிரிய ஆலோசகர் என்ற முறையில் பெற்றோர் கூட்டம் தொடங்கி, பயணம் முடிந்த பின்னர் நடந்த வகுப்புகள் வரை நானும் உடனிருந்தேன். பின்வருவன அப்போது எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து எடுத்தவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுபோன அறிவு எந்த மரத்தடியில் வேலை செய்ததோ அங்கேதான் பாடம் நடந்தது. மற்ற இடங்களில் நடந்தது வேடிக்கை பார்த்தல். அதிலும் தவறில்லை, ஆனால் அதற்கு விடியுமுன் எழுந்து பஸ் ஏற வேண்டியதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்த கேள்விகள்

தேசிய தாவரவியல் பூங்காத் திணைக்களத்தின் பெரிய பூங்காக்களில் எதுவும் கிழக்கு மாகாணத்தில் இல்லை. பேராதனை, ஹக்கலை, கம்பகாவில் ஹெனரத்கொட, அவிசாவளைப் பக்கம் சீதாவக்கை, அம்பாந்தோட்டையில் மிரிஜ்ஜவில என்று எல்லாமே நமக்குத் தூரம்தான். உலர் வலயத் தாவரங்களுக்கென்றே அமைக்கப்பட்ட மிரிஜ்ஜவில நமது காலநிலைக்கு மிக நெருங்கியது. அங்கே போகலாம் என்று விஞ்ஞான ஆசிரியர் முதலில் சொன்னார். வரைபடத்தை விரித்துப் பார்த்த அதிபர் ஒரு சிரிப்போடு அதை மடித்துவைத்துவிட்டார்.

பேராதனை என்று முடிவானதும் அடுத்த சிக்கல் வந்தது. திருகோணமலையிலிருந்து அது ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக, இடையில் நிறுத்தும் நேரத்தையும் சேர்த்தால் போகவே ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வரவும் அவ்வளவு. இந்த நிலையில் ஒரு தாய் எழுந்து, “கண்டி வரைக்கும் போய் மாளிகையைப் பார்க்காமல் திரும்புவதா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பல குடும்பங்களுக்குப் பிள்ளை கண்டிக்குப் போவது இது ஒன்றாகத்தான் இருக்கக்கூடும். தலதா மாளிகை, கண்டி வாவி, கடைத்தெரு, வரும் வழியில் சீகிரியா என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்கும் சுற்றுலாக்களுக்கு நாம் பழகியும்விட்டோம். அந்தப் பட்டியலில் பூங்காவுக்கு ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. வாசலில் ஒரு குழுப்படம், ஓர்க்கிட் கூடத்தில் ஒரு சுற்று, புல்வெளியில் ஓர் ஓட்டம், அவ்வளவுதான்.

இன்னொரு தந்தை வேறு பக்கத்திலிருந்து வந்தார். “மரம் பார்க்கவா இவ்வளவு செலவு? எங்கள் பக்கம் இல்லாத மரமா?” என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு அது அன்றைய கூட்டத்தின் மிக நல்ல கேள்வியாகப் பட்டது. அதற்கு அங்கே யாரும் விடை சொல்லவில்லை. விடையைப் பிள்ளைகளே பிறகு கொண்டுவந்தார்கள்.

கடைசியில் அதிபர் ஒரு சமரசத்துக்கு வந்தார். பூங்கா மட்டும்தான், திரும்பும் வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலடியில் பஸ் நிற்கும், கும்பிட விரும்புகிறவர்கள் கும்பிடலாம், மற்றவர்கள் தேநீர் குடிக்கலாம். மாளிகை கேட்ட தாய் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார்.

ஊரில் செய்த ஆயத்தம்

பயணத்துக்கு முந்திய வாரங்களில் விஞ்ஞான ஆசிரியர் வகுப்பைப் பாடசாலை வளவுக்குள்ளேயே சுற்றவிட்டார். வேம்பு, பூவரசு, புளி, வேலியோரத்துப் பனை, குளக்கட்டில் நிற்கும் மருது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, நூலால் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, இலையைத் தாளுக்கடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொண்டது. பனை எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை: ஆண் பனைக்கும் பெண் பனைக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் கேட்டு எழுதிவர வேண்டும். பனங்கொட்டையைப் பாத்தியில் புதைப்பது, கிழங்கு கிண்டுவது, கொட்டையை வெட்டிப் பூரான் தின்பது எல்லாம் அந்தத் தாள்களில் வந்தன. ஒரு தாளின் ஓரத்தில் “பூரான் கூடத் தின்றால் வயிறு குத்தும்” என்ற குறிப்பும் இருந்தது.

இந்த ஆயத்தத்தில் வகுப்பின் ஒரு பாதிதான் முழுமையாகக் கலந்துகொண்டது. மற்றப் பாதி இன்னோர் ஆசிரியரின் பொறுப்பில் இருந்தது. அவர் பழைய முறையை நம்புகிறவர். பூங்காவில் இருபது மரங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்து விஞ்ஞானப் பெயர், தாயகம், குடும்பம் மூன்றையும் நிரப்பவேண்டிய தாளொன்றை அச்சிட்டிருந்தார். இரண்டு முறைகளும் ஒரே பஸ்ஸில் போகட்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். இங்கே முதற் குழுவை ‘மரக்குழு’ என்றும் இரண்டாவதைப் ‘பெயர்க்குழு’ என்றும் அழைக்கிறேன். குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. வகுப்புப் பிரிவுகளின்படியே பிரிந்தன. ஆகவே இது பரிசோதனை ஆகாது, ஒப்பீடு மட்டுமே.

பாதை

நள்ளிரவு கழிந்ததும் புறப்படுவதுதான் வழக்கம். சாரதி அதற்கு உடன்படவில்லை. கந்தளாயைத் தாண்டி ஹபரணை வரைக்கும் காட்டுப்பகுதி, இருட்டில் யானை வீதியில் நிற்கும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகமாட்டேன் என்றார். அவர் சொன்னபடியே அதிகாலையில் புறப்பட்டு அந்தப் பகுதியை மெதுவாகக் கடந்தோம். ஹபரணையில் விடிந்தது. இந்த ஒரு விடயத்தில் ஆசிரியர்களின் நேர அட்டவணையைவிடச் சாரதியின் சொல்லுக்கே எடை அதிகம் கொடுக்க வேண்டும்.

காலைச் சாப்பாடு பாணும் சீனிச்சம்பலும். விடியுமுன் கட்டிய தேங்காய்ச் சம்பல் மாத்தளைக்குப் போகுமுன் புளித்துவிடும்; சீனிச்சம்பல் தாங்கும். மதியச் சோற்றைப் பேராதனைப் பக்கத்திலேயே ஒரு கடையில் சொல்லிவைத்திருந்தார்கள். நாவுலவுக்கு அப்பால் வளைவுகள் தொடங்கியதும் மூன்று பிள்ளைகளுக்குத் தலைசுற்றியது. பின் ஆசனங்களிலிருந்து அவர்களை முன்னால் மாற்றி, தேசிக்காயை முகர்ந்துபார்க்கக் கொடுத்ததும் ஓரளவு தணிந்தது. அக்குறணைக்குள் வாகன நெரிசல். அங்கே போன நேரம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆனால் பாதையே ஒரு பாடமாக அமைந்ததை யாரும் திட்டமிடவில்லை. பயணம் நடந்தது கச்சான் காலத்தில். ஊரில் வளவுகள் காய்ந்து, வாய்க்கால் ஓரம் மட்டும் பச்சை தெரிந்தது. தம்புள்ளை வரை அதே காய்ச்சல். நாவுல தாண்டியதும் யன்னலோரத்துப் பிள்ளைகள் கண்ணாடியை இழுத்து மூடத் தொடங்கினார்கள். மாத்தளையில் வீதி நனைந்திருந்தது. “ஊரில் வெயில், இங்கே மழையா, சேர்?” என்று ஒருவன் கேட்டான். விஞ்ஞான ஆசிரியர் பஸ்ஸின் நடுவழியில் கம்பியைப் பிடித்தபடி நின்று விளக்கினார். தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மறுபுறம் இறங்கும்போது அதே காற்று சூடேறிக் காய்ந்து நம்மிடம் வருகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். நமக்கு மழை தருவது வடகீழ்க் காற்று வீசும் வாடைக் காலம். பாடநூலில் படமாக இருக்கும் விடயம்தான். அன்று அது யன்னலுக்கு வெளியே இருந்தது.

பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தில் குடை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பெரும்பாலான பைகளில் குடை இல்லை. ஆடி மாதத்தில் குடை எதற்கு என்று வீட்டில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

இரட்டைத் தேங்காய் மரத்தடியில்

பேராதனைப் பூங்கா மகாவலியின் ஒரு வளைவுக்குள் 147 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீற்றர் உயரம். அலெக்சாண்டர் மூன் 1821இல் இங்கே பூங்காவைத் தொடங்கினார். அதை முழுவதுமாகப் பார்ப்பது என்பது பிள்ளைகளின் கால்களால் ஆகாத காரியம். மரக்குழு ஐந்து இடங்களை மட்டும் தேர்ந்திருந்தது: இரட்டைத் தேங்காய், மூங்கில், பெரும் புல்வெளியின் சாவக அத்தி, வாசனைத் திரவியத் தோட்டம், ஆற்றங்கரை.

இரட்டைத் தேங்காய் மரங்கள் சீசெல்ஸ் தீவுகளுக்கு உரியவை. தாவர உலகில் இதைவிடப் பெரிய விதை இல்லை. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும். இந்தத் தகவல்களை ஆசிரியர் ஆயத்தமாக வைத்திருந்தார். சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

மரத்தடிக்கு வந்ததும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். சில நொடிகள் சத்தமில்லை. பிறகு பனை அச்செடுத்திருந்த ஒரு பையன், “இது தென்னை இல்லை, சேர். ஓலையைப் பாருங்கள், விசிறி” என்றான். தென்னோலை இறகுபோல நடு ஈர்க்கின் இருபுறமும் பிரியும்; பனையோலை விசிறியாக விரியும். மேலே நின்றது விசிறிதான். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கேள்வியை மட்டும் போட்டார்: “காய் எல்லா மரத்திலும் இருக்கிறதா?” பிள்ளைகள் வரிசையின் நீளத்துக்கு ஓடினார்கள். சிலவற்றில் காய், சிலவற்றில் காய்க்குப் பதில் நீண்டு தொங்கும் தண்டு. ஒரு சிறுமி தன் வீட்டுத் தாளை எடுத்து, ஆண் பனை பற்றி அம்மம்மா சொல்லி எழுதியதை உரக்க வாசித்தாள். ஆண் வேறு, பெண் வேறு. “அப்படியென்றால் இது பனையின் சொந்தக்காரன்” என்று அந்தப் பையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

தாவரவியலாளர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இரட்டைத் தேங்காயும் நமது பனையும் பனைக் குடும்பத்துக்குள் ஒரே கிளையைச் சேர்ந்தவை. தென்னை வேறு கிளை. முளைக்கும் விதமும் ஒன்றுதான். பனங்கொட்டையை மண்ணில் வைத்தால் முளை அங்கேயே மேலே எழுவதில்லை. கொட்டையிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கி, ஆழத்தில் போய்த்தான் கன்று உருவாகிறது. அந்த இறக்கம் இல்லாவிட்டால் நமக்குக் கிழங்கே இல்லை. கொட்டைக்குள் இருக்கும் சதையைக் கரைத்து உறிஞ்சிக் கன்றுக்கு அனுப்பும் பஞ்சுபோன்ற பகுதிதான் பிள்ளைகள் தின்னும் பூரான். இரட்டைத் தேங்காயில் அந்தத் தண்டு மீற்றர்கணக்கில் நீளும். இதை ஆசிரியர் சொன்னபோது, கிழங்கு கிண்டிப் பழகிய பிள்ளைகளின் முகங்களில் தெரிந்தது வியப்பைவிடக் கணக்கு: அப்படியொரு கிழங்கைக் கிண்ட எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று இருவர் வாதிடத் தொடங்கினார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் “எங்கள் பக்கம் இல்லாத மரமா?” என்று கேட்டவருக்கான விடை இங்கே இருந்தது. இல்லாத மரத்தை, இருக்கும் மரத்தை வைத்துத்தான் பிள்ளை பார்த்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு வகுப்பு இந்த இடத்தில் விதையின் எடையைக் கேட்டு வாய்பிளந்துவிட்டுப் போயிருக்கும். பனங்காட்டுப் பிள்ளைகளுக்கு உறவுமுறை தெரிந்தது. இந்த மரத்தடிக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். எடுத்தது அதைப்போல் இரு மடங்கு. விஞ்ஞான ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூங்கிலைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார். சரியான வெட்டு.

மழை

சாவக அத்தியை நோக்கி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பெருமரங்களின் கீழே ஒதுங்க ஆசிரியர்கள் விடவில்லை. கிளை முறிந்து விழும் ஆபத்து இருக்கிறது. ஒரு கூரையடியில் இரு குழுக்களும் நெருக்கியடித்து நின்றன. பெயர்க்குழுவின் தாள்கள் நனைந்து மை ஊறியதில் சிலர் அழாத குறை.

இப்படிப்பட்ட நேரங்களில்தான் சுற்றுலாக்கள் கையைவிட்டுப் போகும். பிள்ளைகள் தள்ளிக்கொள்வார்கள், பெரியவர்கள் அதட்டுவார்கள். அன்று ஓர் ஆசிரியை செய்த காரியம் சிறியது. கூரையின் ஓரத்தில் நின்ற செடியொன்றைக் காட்டி, “தண்ணீர் இலையை விட்டு எந்த வழியாகப் போகிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். இலையின் நுனி மெல்லிய வால்போல நீண்டிருந்தது. மழைநீர் நடு நரம்பு வழியே ஓடிவந்து அந்த வாலில் ஒரு துளியாகத் திரண்டு, கனம் தாங்காமல் விழ, இலை சற்றே துள்ளி, அடுத்த துளிக்கு ஆயத்தமானது. பிள்ளைகள் ஓர் இலைக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு துளிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பிறகு ஆசிரியை, ஊரில் அச்செடுத்த இலைகளை எடுக்கச் சொன்னார். புளியின் சிறு சிற்றிலைகள், பூவரசின் அகன்ற இலை. பாலை மரத்தைத் தெரிந்தவர்கள் அதன் தடித்த, தோல்போன்ற இலையைச் சொன்னார்கள். அதன் நுனி மழுங்கியது. மழை ஓயாத இடத்தில் நீரை வடித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் காயும் இடத்தில் நீரைப் பறிகொடுக்காமல் இருக்க வேண்டும். “அரசமிலைக்கும் வால் இருக்கிறதே, அது எங்கள் கோவிலடியிலும் நிற்கிறதே?” என்று ஒரு சிறுவன் மடக்கினான். எல்லா விதிக்கும் ஒரு அரசமரம் இருக்கும் என்று ஆசிரியை சிரித்து ஒப்புக்கொண்டார்.

குடை இருந்திருந்தால் இந்த அரை மணித்தியாலம் கிடைத்திருக்காது. அதற்காகக் குடை வேண்டாம் என்று நான் பரிந்துரைக்கமாட்டேன். மறுநாள் நான்கு பிள்ளைகள் தடிமன், காய்ச்சல் என்று பாடசாலைக்கு வரவில்லை.

மழை ஓய்ந்தபின் சாவக அத்தியைப் பார்த்தோம். ஏறத்தாழ 2,500 சதுர மீற்றருக்கு நிழல் பரப்பும் மரம் அது. வலைப்பந்துத் திடல் ஐந்தை உள்ளே வைக்கலாம். பிள்ளைகள் விளிம்பைச் சுற்றி நடந்தார்கள், படம் எடுத்தார்கள். சொல்ல வேறொன்றுமில்லை.

வௌவால்கள் பட்டியலில் இல்லை. உயரத்தில் கறுப்புத் துணிமூட்டைகளாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்களின் கூட்டத்தைக் கண்டதும் இரண்டு குழுக்களும் குலைந்தன. எந்த ஆசிரியரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் பயன் இருந்திருக்காது.

சாதிக்காயும் வட்டிலப்பமும்

வாசனைத் திரவியத் தோட்டத்தில் எதையும் பறிக்கக்கூடாது. தோட்ட வேலையாள் ஒருவர் கீழே விழுந்து கிடந்த சாதிக்காய் ஒன்றை எடுத்துப் பிளந்து காட்டினார். வெளிறிய மஞ்சள் சதைக்குள் கரும்பழுப்பு ஓடு, அந்த ஓட்டின்மேல் வலைபோலப் பின்னிய இரத்தச் சிவப்புத் தோல். அந்தச் சிவப்பு வலைதான் வசுவாசி. ஓட்டுக்குள்ளே இருப்பது சாதிக்காய். கடையில் இரண்டு பொட்டலங்களாக வாங்குவது ஒரே பழத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதைப் பிள்ளைகளுடன் வந்த தாய்மாரில் இருவர் அன்றுதான் கண்டதாகச் சொன்னார்கள்.

பழம் கைமாறி வந்தது. ஒரு முஸ்லிம் சிறுமி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “பெருநாளைக்கு உம்மா செய்யும் வட்டிலப்பம்” என்றாள். அதன்பின் பழத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. சாதிக்காய் மரத்திலும் ஆண், பெண் தனித்தனி என்று அந்த வேலையாள் சொன்னபோது, மரக்குழுவுக்கு அது மூன்றாவது முறையாகக் கேட்கும் செய்தி. ஒருவர்கூட ஆசிரியரின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த முகத்தோடு தலையாட்டினார்கள். கராம்பு, விரியாத மொட்டு என்பதுதான் அவர்களுக்குப் புதிது. “விரிந்தால் வீணா?” என்று கேட்டார்கள். விரிந்தால் சந்தையில் மதிப்புக் குறைந்துவிடும் என்றார் வேலையாள்.

இங்கே சமூகக்கல்வி ஆசிரியருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அவர் அதைச் சுருக்கமாகவே பயன்படுத்தினார். கறுவா இந்த மண்ணுக்குரியது; சாதிக்காயும் கராம்பும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து வந்தவை. பூங்கா என்பது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. எந்தப் பயிர் இந்த மண்ணில் காசாகும் என்று பார்க்க வெள்ளைக்காரர் வைத்திருந்த சோதனைத் தோட்டமும் இதுதான். 1824இல் சீனாவிலிருந்து தேயிலைச் செடி வந்து நட்டது இங்கே. 1839இல் அசாம் விதைகள் வந்தன. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் அதை வணிகப் பயிராக்கினார். கோப்பியைத் துரு நோய் தின்றபின் மலைநாடு முழுவதும் தேயிலை ஆனது. வகுப்பில் ஒரு பிள்ளையின் குடும்பம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் மாவட்டத்துக்கு வந்து குடியேறியது. அந்தப் பிள்ளை தன் அப்பாயி கொழுந்து எடுத்த கதையை இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னது.

இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவுக்குள்தான் வைத்திருந்தார் என்பதை நான் இடையில் சொன்னேன். 1942 ஏப்பிரலில் ஜப்பானியர் குண்டு போட்ட துறைமுகத்து ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கும் என்று எண்ணினேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

பெயர்க்குழுவுக்குக் கிடைத்தது

பெயர்த்தாளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்ததில்லை என்பதை மறைக்கவில்லை. எதிர்பார்த்த குறைகள் அப்படியே நடந்தன. பிள்ளைகள் பலகையிலிருந்து பலகைக்கு ஓடினார்கள். எழுத்துக்கூட்டி இலத்தீன் பெயர்களைப் படியெடுத்தார்கள். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தவர் குறைவு. ஒருவன் எழுதிமுடித்துத் தன் தோழனிடம் கொடுக்க, அவன் மரத்தின் பக்கமே போகாமல் பார்த்து எழுதினான்.

ஆயினும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குழுவிலிருந்து ஒரு சிறுமி விஞ்ஞான ஆசிரியரிடம் வந்தாள். தாளில் மூன்று இடங்களில் முதற்சொல் ஒன்றாகவே இருக்கிறது, பைக்கஸ் என்று; இரண்டாவது சொல் மட்டும் மாறுகிறது, ஏன் என்று கேட்டாள். சாவக அத்தி, ஆல், அரசு மூன்றும் அவளுடைய தாளில் அடுத்தடுத்து இருந்தன. பெயரிடும் முறையை மேல் வகுப்பில் படிக்கவேண்டிய பிள்ளை, அதன் விதியைத் தானாகவே பாதி கண்டுபிடித்துவிட்டாள். மரக்குழு ஒருசில இடங்களில் மட்டுமே நின்றதால் இந்தக் கேள்வி அவர்களுக்கு எழவே வழியில்லை. நிறையப் பார்த்தால்தான் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

எனவே பெயர்த்தாளை வீசிவிடுங்கள் என்று இப்போது நான் சொல்லமாட்டேன். இருபது பெயர்களை எழுதச் சொல்வதற்குப் பதில், ஒரே முதற்சொல்லுள்ள பலகைகளைத் தேடிப் பிடித்து, அந்த மரங்களுக்குள் எது ஒத்திருக்கிறது என்று எழுதச் சொன்னால் அந்தத் தாள் உயிர்பெறும்.

ஆற்றங்கரை

இரண்டு மணிக்குப் பிறகு பிள்ளைகளிடம் சத்து இல்லை. விடியுமுன் எழுந்தவர்கள், சோறும் தின்றாயிற்று. ஆற்றங்கரையை விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கரைக்குப் போனதற்கு ஒரே காரணம், பஸ் நிறுத்திய இடத்துக்கு வேகமாகப் போனாலும் சாரதி தூங்கி எழும்பவில்லை என்பது.

மகாவலி மழைக்குப்பின் செந்நிறமாகச் சுழித்து ஓடியது. இணை இணையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் தன் இணைக்குப் பொறுப்பு என்று சொல்லித்தான் ஆசிரியர்கள் கரையருகே விட்டார்கள். ஆட்களை எண்ணுவதைவிட இந்த முறை வேகமானது: இணை காணவில்லை என்றால் அந்தப் பிள்ளையே கத்தும். மூதூர்ப் பக்கத்தில் மாமா வீடு உள்ள ஒருவன், “இது எங்கள் கங்கையா?” என்று கேட்டான். அதேதான். 335 கிலோமீற்றர் ஓடும் இந்த ஆறு கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. இங்கே எறியும் இலை ஊருக்கு வருமா என்று அடுத்த கேள்வி. ஆசிரியர் அணைகளைச் சொன்னார்: கண்டியைத் தாண்டியதும் பொல்கொல்ல, பிறகு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே. இலை எங்கேயாவது தங்கிவிடும். தண்ணீர் தங்காது. பொல்கொல்லவில் ஒரு பகுதி சுரங்கம் வழியாகத் திருப்பப்பட்டு அம்பன் கங்கைக்குப் போகிறது. அங்கே எலகரையிலிருந்து வாய்க்கால் வழியே மின்னேரியா, கவுடுல்லை, கந்தளாய்க் குளங்களுக்கும் போகிறது.

கந்தளாய் என்றதும் தம்பலகாமத்துப் பிள்ளைகள் இருவர் நிமிர்ந்தார்கள். அவர்கள் வீட்டு வயலுக்கு அந்தக் குளத்துத் தண்ணீர்தான். தண்ணீர் திறக்கும் திகதிக்காக அப்பா காத்திருப்பதையும், திறக்கப் பிந்தினால் வீட்டில் நடக்கும் பேச்சையும் அறிந்தவர்கள். அவர்கள் கேட்டது ஆற்றைப் பற்றி அல்ல, பொல்கொல்லவின் கதவைப் பற்றி: அதை யார் திறப்பது?

வகுப்பறைக்குத் திரும்பியபின்

அடுத்த கிழமை இரு குழுக்களுக்கும் ஒரே வேலை கொடுக்கப்பட்டது. குறிப்பைப் பார்க்காமல், பூங்காவில் கண்ட ஒரு மரத்தை வரைந்து, அதைப் பற்றித் தெரிந்ததை எழுத வேண்டும். மரக்குழுவில் பெரும்பாலோர் இரட்டைத் தேங்காயையோ சாதிக்காயையோ வரைந்தார்கள்; ஓலையின் விரிவும் ஓட்டின்மேல் சிவப்பு வலையும் தவறாமல் வந்தன. பெயர்க்குழுவின் படங்களில் பல, எந்த மரமாகவும் இருக்கக்கூடிய மரங்கள். ஆனால் மழையில் கண்ட வாலுள்ள இலையை இரு குழுவினரும் வரைந்திருந்தார்கள். ஓர்க்கிட் கூடத்தை எவரும் வரையவில்லை. அங்கே கடைசிப் பத்து நிமிடத்தில் இரு குழுக்களும் ஒரு வாசலால் நுழைந்து மறுவாசலால் வெளியேறியிருந்தன.

அடுத்த முறைக்கு நான் எழுதிக்கொடுத்த பரிந்துரைகளில் பாடசாலை ஏற்றுக்கொண்டவை இரண்டு: இடங்களை மூன்றாகக் குறைப்பது, கச்சான் காலத்திலேயே போவது. இரவு தங்கிவருவதை அதிபர் ஏற்கவில்லை. பெண்பிள்ளைகளை வெளியில் தங்கவைக்கப் பெற்றோர் சம்மதிக்கமாட்டார்கள் என்றார். அவர் சொல்வது உண்மை. ஆனால் பிற்பகல் முழுவதும் வீணாவதும் உண்மை. இதற்கு என்னிடம் வழியில்லை. மாளிகை கேட்ட தாய் அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்டார்.

பிள்ளைகள் தாங்களாகக் கேட்டது வளவு மரங்களுக்குப் பெயர்ப்பலகை. வேம்பும் புளியும் ஒரு நாளில் முடிந்தன. ஊர்க் காட்டு மரங்களான பாலை, வீரை, முதிரைக்கும் எழுதுவோம் என்று புறப்பட்டபோது, ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றே பெயரிட்டு அழைத்த ஒன்று இருப்பதை விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். நாம் சாவண்டலை என்கிறோம், சிங்களத்தில் ஹல்மில்ல. நம் துறைமுகத்திலிருந்து சென்னைக்குப் போய்ப் படகாகிய மரம். வகுப்பில் ஒரு பிள்ளைகூட அதைப் பார்த்ததில்லை. பெற்றோரில் தச்சுவேலை செய்யும் ஒருவர், “எங்கள் பக்கம் இல்லாத மரமா?” என்று முன்பு கேட்ட அதே தந்தை, வண்டில் செய்ய அவருடைய தகப்பன் அந்த மரத்தைத்தான் எடுத்தவர் என்றும், பன்குளம் வீதியோரம் இன்னும் ஒன்று நிற்கிறது என்றும் சொன்னார். வாடை மழை தொடங்கினால் அந்தப் பாதை சேறாகிவிடும் என்பதால், அதற்கு முந்திய ஒரு சனிக்கிழமையைக் குறித்திருக்கிறார்கள். பஸ் தேவையில்லை, அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இரண்டு நடை போனால் போதும்.